எட்டாம் நம்பர் ஹோசு

...செவப்பா இருந்தா எல்லாம் ஒரே எண்ணெயா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க. காலக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுங்க, கேன் சாயுது. இது தேச்சுக் குளிக்க எண்ணெ இல்ல. தென்காசி பஸ்ஸ்டாண்டுல ஏறும்போதே ஒரு ஆச்சி கேட்டுட்டா, ‘குத்தாலத்துலயா வாங்குன, மொழங்காலுக்குக் கேக்குமா’ன்னு. கேக்காது ஆச்சின்னேன். இது கியர்பாக்ஸ் எண்ணெ. ஆட்டோமேட்டிக் காருக்கு ஊத்துதது. அதுலயும் ரேசு காருக்கு.

எங்க போறிய? சிவகிரியா? நானும் சிவகிரிதான். நல்லதாப் போச்சு. பேப்பர மடிக்க வேண்டாம், நீங்க பாட்டுக்குப் படிங்க.

நான் மணிமுத்து. இலஞ்சி விலக்குல ஒர்க்‌ஷாப். இருவத்தேழு வருசமா கியர்பாக்ஸுக்குள்ள கைய விட்டுக்கிட்டுக் கெடக்கேன். எனக்கு மதுரையில ஒரு கடைக்காரன் பாடம் எடுக்குதான்! ‘ரோட்டு வண்டி எண்ணெய ரேசுக்கு ஊத்திராதீங்க சார்’ங்கான். எனக்குத் தெரியாதா? ரோட்டு வண்டி எண்ணெ வழவழன்னு போகும், கியரு மாறுததே தெரியாது. வீட்டு ஆளுவள ஏத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போக அது சரி. ரேசு எண்ணெ டப்புன்னு புடிக்கணும், பல்லு ஆடணும். கால் மைலு தூரம் பதிமூணு செகண்டுல போணும்னா அங்கன நைசாவா மாறிக்கிட்டு இருக்க முடியும்? பாத்துப் பாத்து வாங்குனேன். எண்ணெயில ஒரு கொறையும் இல்ல. சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன்.

இந்தா, கண்டக்டரு வாராரு. சிவகிரி ஒண்ணு... என்ன சிரிப்பு? கேட்டியளா அண்ணாச்சி, ‘சிவகிரிதானா, இல்ல ராஜபாளையத்துக்கே கிழிச்சிரட்டுமா’ங்காரு. நக்கலு. ரெண்டு தடவ ஏறுனா ஒறவு கொண்டாட ஆரம்பிச்சிருதாங்க.

எங்க விட்டேன்... ஆங், வண்டி. வண்டி என்னுது இல்ல. எங்கக்கா குருவம்மா மவ நிவேதாவுது. கூட உள்ள பிள்ளைய நகைக்கடைக்குப் போவுது, இவ கொல்லத்துல ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரு கெடக்குன்னு போய் இழுத்துக்கிட்டு வாரா. மூணு வருசம். ஞாயித்துக்கெழம தவறாம சிவகிரியில இருந்து பஸ்ஸு ஏறி வந்து எங்கடையில வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தா. ரேசுல ஓட்டணும், அம்புட்டுத்தான் அவளுக்கு. இப்பம் சிவகிரியில அவ வீட்டு வாசல்ல நிக்குத அந்த வண்டிய நாளைக்கு விக்காங்க. அவ அப்பா, எங்கத்தான் பிச்சைமணி ஆளப் பாத்துப் பேசி முடிச்சிட்டாரு. ‘நம்ம பிள்ளைக்கு இது வராதுன்னு ஊரே செல்போன்ல பாத்துட்டுல்லா’ங்காரு. அவ இப்பம் கடைப் பக்கமே வாரதில்ல. சோறும் எறங்கலையாம். அக்கா போன்ல அழுவுதா.

ம்? ஆமா, தோத்துட்டா. தோத்தான்னு சொல்லதுக்குக்கூட ஓடியிருக்கணும்லா.

சென்னைக்கு அங்கிட்டு ஒரு ரேசு மைதானம். ஆவணி வெயிலு. வரிசையில முக்கா மணி நேரம் வண்டி ஊந்து ஊந்து போவுது. பொறப்படுத கோட்டுக்கு வந்ததும் ஒரு கால் பிரேக்குல, ஒரு கால் ஆக்சிலேட்டர்ல வச்சு முறுக்குதா. அப்படித்தான் நிக்கணும், அது மொற. பச்ச லைட்டு விழுது. பக்கத்து வண்டி போயே போயிட்டு. நம்ம வண்டி நவுரல. எண்ணெ கொதிச்சு வெளிய தள்ளி, சைலன்சர் பைப்புல கொட்டி, அடியில இருந்து ஒரே பொகை. நாலு பேரு சேந்து தள்ளிக்கிட்டு வந்தோம். அவ ஹெல்மெட்டக் கழத்தவே இல்ல.

அத்தான் வந்து, ‘என்ன மாப்ள ஆச்சு’ன்னாரு. ‘பிரேக்குல வச்ச கால எடுக்காம ரொம்ப நேரம் முறுக்கிட்டா, எண்ணெ வெந்துபோச்சு’ன்னேன். அப்படி முறுக்குனா எண்ணெ வேகும். அதுல தப்பு இல்ல. நீங்க எந்த மெக்கானிக்கக் கேட்டாலும் சொல்லுவான்.

யப்பா... இந்த டிரைவரு கிளச்ச விடுத லட்சணத்தப் பாருங்க. புளியங்குடி வந்துட்டு. அண்ணாச்சி, தூங்குதியளா? கண்ணு மட்டுந்தான் மூடியிருக்கு. சரி, சரி.

இந்தப் பையில இருக்கது ஹோசு, எண்ணெ போற குழாயி. கியர்பாக்ஸ் எண்ணெய முன்னால உள்ள கூலருக்குக் கொண்டுபோய், ஆற வச்சு, திருப்பிக் கொண்டாரும். மேல கம்பிப் பின்னல் பாருங்க. தொட வேண்டாம், வேட்டி மாட்டிக்கிடும். எதுல ஒரசுனாலும் அரம் மாரி அறுத்துரும், எடத்துக்கு எடம் கிளிப்பு போட்டுக் கெட்டணும். இது எட்டாம் நம்பரு. உள்தொள பெருசு, எண்ணெ தாராளமாப் போவும். வண்டியில கெடக்கது ஆறாம் நம்பரு.

போட்டது நாந்தான்.

அவ காயிதத்துல எழுதியே கொண்டாந்தா அண்ணாச்சி. எட்டாம் நம்பர் ஹோசு, பெரிய கூலரு, கூலருக்கு ஒரு ஃபேனு. நான் பேனாவ எடுத்து ஃபேன அடிச்சேன், பெரிய கூலர அடிச்சேன், எட்ட ஆறாக்குனேன். ‘ஏட்டி, நீ பொறக்கும் முன்னாலயே நான் கியர்பாக்ஸ் பிரிச்சவன்’னேன். ‘மாமா சொன்னாச் சரி’ன்னுட்டா.

நான் ஒண்ணும் சும்மா சொல்லல. ஓட்டிப் பாத்தோம்லா! வடகரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள்ள நீட்டமா ரோடு கெடக்கு. பதினோரு ஓட்டம். எண்ணெச் சூடு எழுவது டிகிரியத் தாண்டல. மீட்டர போட்டோ எடுத்து வச்சிருக்கேன், இந்தா பாருங்க. எழுவதுதான? கண்ணாடியிலயா? அது தண்ணி. சாரலு.

ஆமா. ஆடி மாசம். குத்தால சீசனு.

மலையில இருந்து காத்து வீசுது, பொசுபொசுன்னு தூறுது. நான் தலையில துண்டக் கெட்டிக்கிட்டு, மீட்டரப் பாத்து, ‘குளுகுளுன்னு இருக்கு, ஃபேனு எதுக்குட்டி’ன்னு கேட்டிருக்கேன். இருவத்தேழு வருச மெக்கானிக்கு. அவ அன்னைக்கே கேட்டா, ‘மாமா, அங்கன சாரல் அடிக்காதுல்லா’ன்னு. ஒரே ஒரு தடவதான் கேட்டா. ஏசிட்டேன்.

கோட்டுல அவ கால வச்சிருந்தது ரெண்டு செகண்டு. வீடியோவ நூறு தடவ பாத்துட்டேன். ரெண்டே செகண்டு. எண்ணெ அதுக்கு முன்னாலயே வரிசையில வெந்து போச்சு. அவ ஒரு தப்பும் செய்யல. இப்பம் தன் கால்தான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருக்கா, நான் உண்மையச் சொல்லாம முழுங்கிக்கிட்டுக் கெடக்கேன். வெக்கமா இருக்கு அண்ணாச்சி.

அதச் சொல்லத்தான் போறேன். சொல்லிட்டா அத்தான் வண்டிய விக்க மாட்டாரு, எனக்குத் தெரியும். எண்ணெயும் ஹோசும் கையோட இருக்கு, ஒரே நாள்ல மாட்டிருவேன். ஆனா பாருங்க, இது மூணாவது தடவ. போன வாரம் ரெண்டு மட்டம் வந்தேன். சிவகிரி வந்ததும் எந்திரிக்கவே வர மாட்டேங்கு. ராஜபாளையம் போய் ஒரு டீயக் குடிச்சிட்டுத் திரும்பிருதேன். அதான் அந்தக் கண்டக்டரு அப்படிக் கேட்டாரு.

வாசுதேவநல்லூர் தாண்டிட்டுல்லா? போன்லயே சொல்லிக்கிடலாமா? பேசாம இன்னைக்கும்... நீங்க என்ன சொல்லுதிய? பேப்பர மடிச்சு எறங்கக் கெளம்பிட்டியளே.

சிவகிரி வந்துட்டு. எறங்குங்க அண்ணாச்சி, போயிட்டு வாங்க. எனக்கு ஒரு டீ குடிக்கணும்... அண்ணாச்சி, அது எம் பை. ஒங்க பை தோள்ல கெடக்குல்லா! அட, கேனையும் தூக்கிட்டியளா? அண்ணாச்சி! கீழ நின்னுக்கிட்டு என்னையே பாத்தா என்ன அர்த்தம்? மேல குடுங்க... குடுக்க மாட்டியளா? கண்டக்டரே, விசில அடிச்சிராதேயும், ஆளு எறங்கணும். சிரிக்காதேயும்வே. சிவகிரிதான். டிக்கெட்டுல அடிச்சிருக்குல்லா.