பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறவர்களை நான் ஒருநாளும் திட்டியதில்லை. ரோஜாப்பூப் படம் வந்தால் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவேன். நான் சண்டைக்காரன் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

ஆரம்பித்தவர் கீழ்வீட்டு மேஸ்திரி. நான் அலுவலகத்தில் இருந்த நேரம், குழாய் ஒழுகுகிறதென்று என் மனைவி அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். வந்த மனிதர் குழாயோடு போயிருக்கலாம். சாயங்காலம் குழுவில் அவர் குரல் வந்தது. "மாடி சார் வீட்டு பால்கனியில, சுவரோரமா மேல்பக்கம் விரிசல் விட்டிருக்கு. உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கும்னு தோணுது. குறுக்க ஒரு கண்ணாடித் துண்டை சிமெண்ட் வச்சு ஒட்டியிருக்கேன். விரிசல் நகர்ந்தா அது உடைஞ்சிரும். உடைஞ்சா யாரும் கீழ நிக்காதீங்க."

நல்ல யோசனை. அது எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் அதில் இருந்த ஒரே குறை.

கட்டட விவகாரம் என்றால் அதுவரை குழுவில் என்னைத்தான் கேட்பார்கள். 'என்ஜினியர் சார்' என்பார்கள். நானாகச் சொல்லிக்கொண்டதில்லை, யாரோ சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. அதனால் பணிவாக ஒரு கேள்வி போட்டேன். "தங்கள் கல்வித் தகுதியை அறியலாமா?"

"எட்டாவது சார். கரண்டி பிடிச்சு இருபத்தெட்டு வருஷமாச்சு" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இனிமேல் பல்வலிக்கும் மேஸ்திரியையே கேட்டுக்கொள்ளலாம்" என்று எழுதினேன். பதினொரு கட்டைவிரல்கள் விழுந்தன. எண்ணிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் அவர் மனைவி குழுப் பேச்சுக்குள் வந்தார். என் பால்கனிக்கு நேர் கீழே, வாசலில் மிஷின் போட்டுத் துணி தைக்கிறவர். "இவரு படிச்சதைச் சொல்லிட்டாரு. நீங்க என்ன படிச்சீங்கன்னு சொல்லவே இல்லையே சார்?"

நியாயமான கேள்வி. நான் ஒரு நிறுவனத்தில் கணினியில் வரைபடம் வரைகிறவன். கல்லூரியில் ஒரே ஒரு தாள் தேறவில்லை. ஐந்து முறை எழுதினேன். எந்தத் தாள் என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன், கட்டுமானப் பொருள்களின் வலிமை. பட்டம் கைக்கு வரவில்லை. குழுவில் என் பெயரை எழுதி, பின்னால் 'பி.ஈ.' என்று இரண்டெழுத்தைத் தட்டினேன். சான்றிதழை யாரும் கேட்கவில்லை. அந்தம்மா மட்டும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார்.

மூன்றாம் நாள் காலை பால்கனிக் கதவைத் திறந்தேன். கண்ணாடி நடுவில் வெடித்திருந்தது. விரிசலுக்குள் வீட்டுச் சாவி நுழைந்தது.

'மேஸ்திரி சொன்னது சரி' என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. தட்டினேன், அனுப்பவில்லை. அந்தச் சிரிப்புப் பொம்மை கண்முன்னால் வந்து நின்றது. ஆகவே உடைந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, பரணில் கிடந்த பழைய ஜன்னல் கண்ணாடியில் ஒரு துண்டை ஒட்டினேன். கோணலாகத்தான் ஒட்டினேன், கைவேலை எனக்கு வராது. படம் பிடித்துப் போட்டேன். "கண்ணாடி முழுசாக இருக்கிறது. வீண் பீதி வேண்டாம்."

பால்கனி முழுக்கப் புறா எச்சம், போகாதே என்று மனைவியிடம் சொல்லிக் கதவைப் பூட்டினேன். கீழே நின்ற என் காரைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். குடும்பத்தின் மேல் அக்கறை இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது.

மேஸ்திரியின் போனில் திரை முழுக்கக் கீறல். படத்தில் கண்ணாடி என்று ஏதோ ஒன்று தெரிந்ததே அவருக்குப் போதும். "தப்பா சொல்லிட்டேன் சார், மனசுல வச்சுக்காதீங்க" என்று குரல் அனுப்பினார். நாலு தடவை கேட்டேன். பயந்துபோய் வீட்டுக்குள் இழுத்துப் போட்டிருந்த தையல் மிஷினை அன்றைக்கே வெளியே கொண்டுவந்தார்கள்.

படியிறங்கும்போது அந்தம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "காரை எடுத்தது நல்லதாப் போச்சு சார். இப்பத்தான் ஊசியில நூல் கோக்கற அளவுக்கு வெளிச்சம் வருது."

அங்கே உட்காராதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பார். கேள்வி கேட்கிற ரகம் அவர். "வெளிச்சம் முக்கியம்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குப் பால்கனி அந்தம்மா மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையிருக்கவில்லை.

நான் வந்தபோது மேஸ்திரி அழவில்லை. இடிபாட்டிலிருந்து ஒரு சில்லைப் பொறுக்கி என்னிடம் நீட்டினார். "நான் ஒட்டினது முகம் பார்க்கிற கண்ணாடி சார். அவ பவுடர் டப்பாவுல இருந்து எடுத்தது. இது ஜன்னல் கண்ணாடி."

ஆமாம், மாற்றியது நான்தான். விழும் என்று தெரியும். அவர் அங்கே உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரியும். கொல்ல நினைக்கவில்லை, மானம் போகக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன் ஐயா, எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சின்னத் திருத்தம். என் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டெழுத்து விட்டுப்போயிருக்கிறது. இது எப்படியும் குழுவில் வரும், எல்லாரும் படிப்பார்கள்.