சிறு திரையில் தெரியாத வரி

எனக்குக் குறுகிய திரைகளைத்தான் பிடிக்கும், ஐயா. அகலமான திரையில் யார் வேண்டுமானாலும் எதையும் பரப்பி வைத்துவிடலாம். கைபேசிக்கு வரும்போதுதான் எது மேலே, எது கீழே, எது வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். அணை அலுவலகத்தில் அந்த முடிவுகளை எடுப்பதுதான் என் வேலை.

அணையின் இணையப் பக்கம் எளிமையானது. நீர்மட்டம், மழையளவு, மதகு திறக்கும்போது மட்டும் வரும் சிவப்பு எச்சரிக்கைப் பட்டை. கணினியில் மூன்றும் அருகருகே நிற்கும். திரையில் அந்தப் பக்கத்தின் ஜன்னலைச் சுருக்கச் சுருக்க, ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கும். அகலங்களை விழுக்காட்டில்தான் கொடுத்திருந்தேன். எங்கும் எதுவும் வெட்டுப்படாது.

என் அண்ணன் அணைக்குக் கீழே படகு ஓட்டினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் போனபின் என்னை வளர்த்தவர். அணையில் சங்கு ஊதினாலும் ஆற்றின் வளைவைத் தாண்டி அவருடைய துறைக்குக் கேட்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் என் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படகை அவிழ்ப்பார். நான் கழித்துப்போட்ட பழைய போன் அது. முந்நூற்று இருபது பிக்சல் அகலம்.

ஒருநாள் நான் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க அலுவலகத்துக்கு வந்தார். பொறியாளர் அவரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தார்.

"பன்னெண்டு வயசு வரைக்கும் இவன் பாயை நனைச்சுக்கிட்டு இருந்தான் சார். நான்தான் துவைச்சுக் காயப்போடுவேன். இன்னைக்குப் பாருங்க, இவன் சொன்னாத்தான் நான் ஆத்துல இறங்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் கண்ணில் பெருமை தளும்பியது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து, நான் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருவர், "என்னப்பா, பாய் காஞ்சிடுச்சா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அதற்காகத்தான் செய்தேன் என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளாதீர்கள். அது அற்பமாகத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்தின் நிரலில் ஒரு விதி சேர்த்தேன். திரையின் அகலம் முந்நூற்று முப்பதுக்குக் கீழே போனால் சிவப்புப் பட்டை வர வேண்டாம். இரண்டே வரி. அதற்கு முன், எந்தெந்தத் திரைகளில் பக்கம் திறக்கப்பட்டது என்று காட்டும் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று மாதத்தில் அந்த அகலத்தில் வந்தது ஒரே ஒரு போன். நான் எதையும் கவனமாகச் செய்கிறவன்.

நாளைக்கு எடுத்துவிடலாம் என்று தினமும் நினைத்தேன். பதினோரு நாளும் அண்ணன் படகில் போய்விட்டுத் திரும்பி வந்தார். பன்னிரண்டாம் நாள் காலை மேலே பெருமழை. அறிவிக்காமலே மதகைத் திறந்தார்கள். என் கணினியில் பட்டை சிவந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணனிடமிருந்து அழைப்பு.

"டேய், தண்ணி நெறம் மாறுற மாதிரி இருக்கு. உன் பக்கத்துல ஒண்ணும் போடலையே. இறங்கலாமா?"

நான் கணினித் திரையில் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினேன். எழுத்துகள் அடுத்த வரிக்கு மடங்கின. கட்டங்கள் ஒன்றின் கீழ் ஒன்று இறங்கின. பிறகு பட்டை இல்லை.

"பக்கத்துல இல்லைன்னா இல்லைதாண்ணா," என்றேன்.

"சரிடா. சாப்டியா?"

"சாப்டேன்."

படகில் ஒரு தையல்காரப் பெண்ணும் இருந்தாள். அவளை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவளுடைய போன் அகலமானது. திறந்து பார்த்திருந்தால் அவளுக்குப் பட்டை தெரிந்திருக்கும். அவள் பார்க்காததற்கு நான் என்ன செய்ய முடியும்?

அன்று மதியமே விதியை நீக்கிவிட்டேன். மூன்றாம் நாள் இரண்டு உடல்களும் கிடைத்தன. அண்ணனின் போன் கிடைக்கவில்லை. சடங்கெல்லாம் முடிந்தபின், "கடைசியா உங்கிட்டதான் பேசினாராமே, என்ன சொன்னாரு?" என்று அண்ணி கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டதைச் சொன்னேன். என் தலையைத் தடவிக்கொடுத்து அழுதார்.

ஒரு வாரத்துக்குப் பின் பதிவேட்டில் அந்த அகலம் திரும்ப வந்தது. முந்நூற்று இருபது. காலை ஆறு மணி. மறுநாளும் அதே நேரம். ஏதாவது தேடுபொறி வந்து பார்த்துவிட்டுப் போகும் என்றார் பொறியாளர். இருக்கலாம். ஆனால் தேடுபொறி ஏன் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, பட்டை வரும் இடத்திலேயே நாற்பது நிமிடம் நிற்க வேண்டும்?

ஆகவே பக்கத்தைப் புதிதாக வடிவமைத்தேன். இப்போது எவ்வளவு சின்னத் திரையானாலும் எச்சரிக்கைதான் முதலில் வரும், பெரிய எழுத்தில். நேற்று விடியற்காலை மதகு திறக்காமலே நான் அதைப் போட்டுவைத்தேன், அண்ணன் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று. உங்கள் போனிலும் திறந்து பாருங்கள் ஐயா, என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.