மிலானின் கத்தார் மானிட்டர்

மலிவான பொருளைப் பார்த்து முகம் சுளிக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை, மாயாண்டி அண்ணே. நம் இசைக்குழுவின் தலைவர் நீங்கள். கூப்பிட்டு உட்காரவைத்து, தேத்தண்ணியும் கொடுத்துக் கேட்கிறீர்கள். ஒளிக்க என்ன இருக்கிறது.

மேடையில் பாடுகிறவன் காதுக்குள் செருகிக்கொள்கிற மானிட்டர் இரண்டை ஒப்பிட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒன்று, எப்போதாவது பாடுகிற நான் ஹட்டன் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் வாங்கியது. மற்றது நம் பாடகன் மிலானுக்கு அவன் அக்கா ஷிராணி கத்தாரிலிருந்து அனுப்பியது. அதன் விலைக்கு ஒரு பசுமாடு வாங்கலாமாம், அவனே வாய் ஓயாமல் சொல்வான். என்னுடையதை ஒருநாள் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னடா வினோஜன், தகர டப்பாக்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்றான். கீபோர்டு வாசிக்கும் கிருஷாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபமே வரவில்லை.

அவன் சொன்னது நியாயம்தான். என்னுடையதில் அடித்தொனி எழும்பாது, உச்சத்தில் கீச்சென்று குத்தும், வெளியே இருக்கும் சத்தம் வேறு உள்ளே கசியும். கத்தார் மானிட்டரிலோ கிட்டார் நரம்பில் விரல் உரசுவதுகூடக் கேட்கும். மாட்டிவிட்டால் பக்கத்தில் நின்று தப்பு மேளம் அடித்தாலும் தெரியாது. இப்படிக் காதை அடைத்துக்கொண்டு பாடுவது நல்லதா என்று எனக்கு ஒரே கவலை. எல்லாம் அவன்மேல் உள்ள அக்கறைதான். ஊரில் அதை வயிற்றெரிச்சல் என்கிறார்களாம்.

சோதிக்க நாளும் வாய்த்தது. தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. நுவரெலியா ஹோட்டல்காரர் ஒருவர், நிரந்தரமாகப் பாட ஆள் தேடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த வேலையை நம்பி மிலான் கொழுந்து லொறி வேலையைக்கூட விட்டிருந்தான். எனக்கு அது தெரியும்.

ஒலியைக் கலந்து அனுப்பும் மிக்சரில் நான். சனத்துக்குப் போன இசையைத் தொடவேயில்லை. மிலானின் காதுக்குப் போன இசையின் சுருதியை மட்டும் அரைக் கட்டை ஏற்றினேன்.

அந்த மானிட்டரைப் பாராட்டத்தான் வேண்டும். அனுப்பியதை அப்படியே கொடுத்தது, அவனும் அதை அப்படியே பாடினான். வெளியே இசை ஒரு பக்கம், அவன் குரல் ஒரு பக்கம். லயத்து வீட்டுச் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மஞ்சள் தண்ணீரை வாளி வாளியாக அவன்மேல் ஊற்றினார்கள். பாவம், காது அடைத்தவனுக்கு அது கொண்டாட்டமாகத் தெரிந்தது. "இன்னும் ஊத்துங்க" என்று கையை உயர்த்திவிட்டு அடுத்த சரணத்தை எடுத்தான்.

ஹோட்டல்காரர் மிக்சர் பக்கம் வந்து, "வேற யாரும் பாடுவாங்களா தம்பி?" என்றார். ஒருவரும் முன்வரவில்லை. அவர் என்னிடம் மட்டும்தான் கேட்டார்.

கீழே இறங்கியதும்தான் சுருதி விலகிப் பாடியது மிலானுக்குத் தெரிந்தது. மஞ்சள் வழிய அழுதான். "கடைக்காரனுங்க அக்காவ ஏமாத்திட்டானுங்க மச்சான்" என்று மானிட்டரை என் கையில் திணித்தான். "நீயாவது ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டாலும் ஒனக்குக் கேட்டிருக்காதுடா" என்றேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

இப்போது அந்த ஹோட்டலில் நான்தான் பாடுகிறேன். பொறாமைக்காரன் என்றால் கத்தார் மானிட்டரை அல்லவா மாட்டிக்கொண்டிருப்பேன். அது பெட்டியிலேயே கிடக்கிறது அண்ணே. நான் மாட்டுவது இன்றைக்கும் அந்த பஸ் ஸ்டாண்டு மானிட்டரைத்தான். அதில்தான் கைதட்டல் கேட்கிறது.