நல்லதைச் சொல்லி முடிக்குமுன்

றிபாஸ்: றூட்டர்ர சுவிச்ச ஆரு நிப்பாட்டின?

ஸம்றா: கரண்ட் போயிருக்கும்.

றிபாஸ்: கரண்ட் போனா ஃபேன் எப்பிடிப் புள்ள சுத்துற?

ஸம்றா: எனக்கென்ன தெரியும்... உம்மா ஊடு கூட்டக்குள்ள கை பட்டிருக்கும்.

றிபாஸ்: மாமி இன்னும் சந்தையால வரல்ல. பொய் சொல்றதெண்டாலும் பாத்துச் சொல்லு.

ஸம்றா: கத்தாதீங்க மச்சான். அடுத்தூட்டு ஆக்களுக்குக் கேக்கும்.

றிபாஸ்: கேக்கட்டும்! கொம்பனி கொழும்பில, நான் இந்த அறைக்குள்ள கிடந்து சாகிறன். மீட்டிங்ல நான் மைக்கத் தொறந்தாத்தான் மீன்காரன் ஹோன் அடிப்பான். மேல சேட்டும் டையும், கீழ சாரன்... அப்ப பாத்து மாமி கெமராக்கு முன்னால தேத்தண்ணியோட வந்து நிப்பா. எல்லாத்தையும் பொறுத்தன். இண்டைக்கு மனேஜரோட நான் கதைச்சிட்டு இருக்கக்குள்ள...

ஸம்றா: ஓம், நான்தான் நிப்பாட்டின!

றிபாஸ்: என்ன?

ஸம்றா: காது கேக்கல்லியா? நான்தான்! என்ன செய்யப் போறீங்க?

றிபாஸ்: உனக்கு விசரா?

ஸம்றா: கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டன். 'கொழும்பு ஒஃபிஸ் மிச்சம் நல்லம் சேர், தாற குவாட்டர்ஸும் நல்லம், என்னையும் நினைச்சீங்களே...' என்ன இனிப்பு! என்னோட ஒரு நாளாவது அப்பிடிக் கதைச்சிருக்கீங்களா?

றிபாஸ்: அது வந்து...

ஸம்றா: கொழும்புக்கு வரச்சொன்னத ஏன் என்னட்ட மறைச்ச? வாப்பா வயல வித்துக் கட்டித் தந்த ஊடு இது. உங்கள நம்பித்தானே இந்த ஊட்டுக்கு மாப்பிள்ளையா எடுத்த? இப்ப உம்மாவத் தனிய உட்டுட்டு, ஊட்டப் பூட்டிப்போட்டு நான் வரணுமா? இல்லாட்டி நீங்க மட்டும்...

றிபாஸ்: வாய மூடு ஒருக்கா! நான் வரமாட்டன் எண்டு சொல்லத்தான் போன.

ஸம்றா: பொய்.

றிபாஸ்: வல்லாஹி! நம்மட ஆக்கள் எப்ப மூஞ்சிக்கு நேர வேணாமெண்டு சொல்லியிரிக்கி? உன்ட தங்கச்சிக்கு வந்த சம்பந்தத்த மாமி எப்பிடித் திருப்பி அனுப்பின?

ஸம்றா: மாப்பிள்ள தங்கமான புள்ள... குடும்பமும் நல்ல குடும்பம் எண்டு...

றிபாஸ்: மறுகா?

ஸம்றா: மறுகாத்தான்... 'ஆனா' எண்ட.

றிபாஸ்: அந்த 'ஆனா'வச் சொல்ல நீ என்னை உட்டயா?

ஸம்றா: அல்லாவே... என்னட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே?

றிபாஸ்: சொன்னா சோறு தின்னாமக் கிடந்து அழுவாய். விசயத்த முடிச்சுப்போட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தன்.

ஸம்றா: சரி, இப்ப கோல் எடுங்க. லைன் அறுந்து போயிட்டு, எனக்கு வர ஏலா எண்டு சொல்லுங்க. கெதியா! ஏன் பாத்திட்டு நிக்கீங்க?

றிபாஸ்: ஃபோன்ல எடுத்துக் கதைச்சிட்டுத்தான் வெளிய வந்தன்.

ஸம்றா: என்னவாம்?

றிபாஸ்: ஊட்ட இருந்து வேல செய்ய ஒராளத்தான் உடுவாங்களாம். என்ட லைன் அறுந்த கையோட, என்னோட வேல செய்ற பாண்டிருப்பு நிறோசாட முறை வந்திரிக்கி. அவ புகழவுமில்ல, ஒண்டுமில்ல... 'எனக்கு வர ஏலா சேர்', அவ்வளவுதான். அந்த எடத்த அவக்குக் குடுத்தாச்சு. 'நீங்கதானே றிபாஸ் குவாட்டர்ஸ் நல்லமெண்ட, பூட்டுத் தொறப்ப எடுத்து வெச்சிருக்கன், முதலாந் திகதி வாங்க' எண்டு சொல்றாரு மனேஜர்.