கோவிந்தம்மாள் கையும் ஒரு செம்புத் தண்ணீரும்

என் பேச்சு நீண்டால் மணியடிக்கக் கை வைத்துக் காத்திருக்கும் விழாத் தலைவர், மருத்துவர் அறிவுச்செல்வன் அவர்களே! கை ஓய்ந்தோர்க்கெல்லாம் கைகொடுக்கும் இயன்முறை மருத்துவர் இருதயமேரி அவர்களே! விழுப்புரத்து வெயிலுக்கு அழைப்பிதழையே விசிறியாக்கிய பெரியோர்களே! பேருந்தில் இடம் பிடிக்கும் வேகத்தில் முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மார்களே! பக்கவாதம் வந்தும் படுத்துவிடாமல் இந்தப் பந்தலுக்கு வந்திருக்கும் என் உறவுகளே! திண்டிவனத்துக்காரி இசைவாணியின் வணக்கம்.

நான் பயிற்சிக் கருவி செய்கிறவள். பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள் சலித்துப்போய்ப் பயிற்சியை விட்டுவிடக் கூடாதே என்று, விளையாட்டுப் போல ஒன்று செய்தேன். மணிக்கட்டில் ஒரு பட்டை, எதிரே கைப்பேசித் திரை. கையைத் தூக்கினால் திரையில் ஆப்பிள் பறிக்கலாம். பறித்தால் 'சபாஷ்' என்று ஒரு குரல். ஆகா, அறிவியலின் அற்புதம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்!

அதை முதலில் வாங்கிக்கொண்டவர் கண்டாச்சிபுரத்துப் பக்கம் விவசாயம் பார்க்கும் கோவிந்தம்மாள் அம்மா. வலது கை விழுந்திருந்தது. நான்கு மாதத்தில் மகள் இளவரசிக்குத் திருமணம். தந்தை மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைக்க, செம்பெடுத்துத் தாரை வார்க்க வேண்டியது தாயின் கை அல்லவா? அந்தத் தாய் என்ன சொன்னார் தெரியுமா? "சித்தப்பனும் சித்தியும் நின்னு வார்க்கட்டும். நான் மேடைக்கே வரலை." பெற்றவர் வாயில் வருகிற வார்த்தையா அது?

கருவி போனது. மதிப்பெண் முதல் வாரம் நூறு, இரண்டாம் வாரம் முந்நூறு, மூன்றாம் வாரம் அறுநூறு! திண்டிவனத்தில் கணினியில் பார்த்துவிட்டு, உடன் வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் லட்டு வாங்கிக் கொடுத்தேன். மிச்சத்தைக் கட்டிக்கொண்டு நானும் இருதயமேரி அம்மாவும் அவர் வீட்டுக்கே போனோம். அங்கே கண்ட காட்சியை என்னவென்று சொல்வேன்? பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தார் அவர் கணவர் சீனுவாசன்! அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "தோ, அந்தாண்ட ஒண்ணு இருக்குது பாரு" என்று வழி காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"அவளுக்குக் கை நோவுதும்மா. மார்க்கு போயிடப்போவுதேன்னு நான் போட்டுக்கினு இருக்கேன். ஒரே பேஜாரு. ஆனா அறுநூறு வந்துட்டுது பாருங்க!"

சிரிக்கிறீர்களா? முன்வரிசைத் தாய்மார்களே, சோறு ஊட்டிவிடுவது யார்? சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவது யார்? அன்புதான், ஐயமே இல்லை. அத்தனையும் அன்பே செய்துவிட்டால், அந்தக் கை எப்போது எழும்? எதற்காக எழும்?

"நீங்க ஏம்மா பறிக்கலை?" என்றேன் அந்த அம்மாளிடம்.

"ஆப்பிளு பறிச்சி இன்னாம்மா பண்ணப்போறேன்? எங்க கொல்லையில வெளையுறது மண்ணுக்குள்ள காய்க்குற மல்லாட்டை. சும்மா சும்மா சபாஷ் வேற சொல்லுது. நான் இன்னா சின்னப் புள்ளையா?"

வெட்கினேன், ஐயா, வெட்கினேன்! முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றுதான் கேட்டேன். "கை எழுந்தா மொதல்ல இன்னா செய்வீங்க?"

அவர் குரல் இறங்கியது. "என் பொண்ணுக்குத் தண்ணி வார்ப்பேன்."

தூக்கி எறிந்தேன் ஆப்பிளை! கையில் எடுத்தேன் செம்பை! சாய்வை அளக்கும் மின்சில்லு ஒன்றை அதன் அடியில் பொருத்தினேன். எவ்வளவு தூக்கலாம், எவ்வளவு சாய்க்கலாம் என்று இருதயமேரி அம்மா வாரந்தோறும் வகுத்தார். முதலில் வெறுஞ்செம்பு, பிறகு கால் செம்பு, அப்புறம் அரைச் செம்பு. ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். செம்புக்குக் கீழே, கை பட்டால் உணரும் ஒரு தட்டின் மேல் இன்னொருவர் இரண்டு கையும் வைத்தால்தான் கருவி கணக்கெடுக்கும். இனி சீனுவாசன் அய்யா எப்படிக் கள்ள ஆட்டம் ஆடுவார்? இரண்டு கையும் கீழே மாட்டிக்கொண்டனவே!

சபாஷும் கிடையாது. "ஒழுங்காப் புடிங்க, ஆடாதீங்க" என்ற அந்த அம்மாளின் அதட்டல்தான். நாள் தவறாமல் அவர் வார்த்தார். நாள் தவறாமல் இவர் நனைந்தார்.

முழுக்கக் குணமாகிவிட்டதா? இல்லை. பொய் சொல்ல நான் மேடையேறவில்லை. விரல்கள் இன்றும் முரண்டு பிடிக்கின்றன. ஆனாலும் திண்டிவனத்துத் திருமண மண்டபத்தில் அந்தத் தாய் மேடையேறினார். இடக்கை தாங்க, வலக்கையால் செம்பைத் தூக்கினார். செம்பு ஒருபக்கம் சாய்ந்தது. முதல் தண்ணீர் கணவர் வேட்டியில். அடுத்தது ஐயர் மடியில்! பதறிப்போன சித்தி செம்பைப் பிடிக்கக் கை நீட்டினார். அப்போது ஒரு குரல், அறுநூறு ஆப்பிள் பறித்த அதே சீனுவாசனின் குரல்: "உடும்மா. அவளே வார்ப்பா."

மண்டபமே காத்திருந்தது. நாயனக்காரர் காத்திருந்தார். நல்ல நேரமும் காத்திருந்தது! விழுந்தது தாரை, மகளின் கைமேல். ஐயர் "போதும்மா" என்றார்.

அந்தத் தாய் செம்பை இறக்கவில்லை. "இருங்க சாமி. இன்னும் தண்ணி இருக்குது."

கருவி செய்யும் தோழர்களே, கேட்டுச் செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்களே, கொஞ்சம் காத்திருங்கள். மணியில் கை வைத்தும் அடிக்காத தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!