ஆறு ஸ்பூன் சோறு

— வேண்டாம் சண்முகத்தாயி, எலை போடாதீங்க. எனக்குச் சாப்பாடு கையோட கொண்டாந்திருக்கேன்.

— ஏன் பரிபூரண மதினி, எம் மகளப் பிடிக்கலையா? முன்னால வந்த மூணு வீட்டுக்காரவியளும் இப்படித்தான் கை நனைக்காமப் போனாவ. பொறவு பொண்ணு குண்டுன்னு தரகர் வந்து சொன்னாரு.

— அடேயப்பா, அதுக்குள்ள முடிவு கட்டாதீங்க. எம் மகனுக்குப் பிடிச்சிருக்கு. நான்தான் செத்த யோசிக்கேன். பொண்ணு வீட்ல கை நனைச்சிட்டா சம்மதம்னு ஆயிரும்லா? ஆனா நான் ரெண்டு மணிக்கொருக்க தின்னே ஆகணும்.

— இந்தச் சின்ன டப்பாவையா? காக்காய்க்கு வைக்க மாதிரில்லா இருக்கு!

— அம்புட்டுத்தான். ஆறு ஸ்பூன் பருப்புச் சோறு. தொண்ணூத்தேழு ஆவணியில பம்பாய்க்குப் போயி வயித்தச் சுருக்கி ஆபரேசன் பண்ணுனேன். அப்ப நூத்தி இருபது கிலோ. ராஜபாளையத்துல எங்க பேண்டேஜ் கம்பெனி மாடி ஏற ரெண்டு பேரு பிடிக்கணும். மூச்சு வாங்கும், சர்க்கரை வேற. டாக்டர் நாள் குறிக்காத குறைதான்.

— ஆத்தாடி! வயித்தயா சுருக்குவாவ?

— ஆமா. இப்ப ஒரு வாய் கூடுதலாப் போனா நெஞ்சடைக்கும். வயிறு போதும்ங்கும். இந்தக் கை மட்டும் பழைய கைதான், அடுத்த வாய்க்குப் போயிரும். அதட்டி வைக்கணும்.

— எம்புட்டு நேரமா ஒரே வாயை மெல்லுதீய! ஏன் மதினி, கண்ணுல தண்ணி வருதே. ஒறைக்கா?

— இல்ல, இனிக்கி. சோறு இனிக்குதுங்க! நாப்பத்தெட்டு வருசமா அள்ளி அள்ளித் தின்னேன். வெறுஞ்சோறு இனிக்கும்னு தெரியாமலே தின்னிருக்கேன். பருப்புல மழை பேஞ்ச மண்ணு வாசம் இருக்கு. தெனமும் இப்படித்தான், ஆச்சரியம் அடங்க மாட்டேங்கு.

— பிரசாதம் மாதிரில்லா பருக்கை பருக்கையாத் திங்கீய! மதினி, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்காதீய.

— கேளுங்க.

— எஞ் செல்லக்கனிக்கும் இந்த ஆபரேசனப் பண்ணிருவமா? தோட்டத்த வித்தாவது பண்ணுதேன்.

— அவளுக்கா? நடந்தா மூச்சு வாங்குதா? சர்க்கரை, கிர்க்கரை?

— ஒண்ணும் கெடையாது. சின்ன வயசுல இருந்தே பூசுன ஒடம்பு, அம்புட்டுத்தான். வார சனமெல்லாம் குண்டுங்குதே! நீங்க பொண்ணு பாக்க மம்சாபுரம் வாரீயன்னு சேதி வந்ததுல இருந்து, நாலு நாளா அவளுக்கு நீர்மோரத் தவிர ஒண்ணும் குடுக்கல.

— அடப் பாவமே! அதுக்குத்தான் அவ காப்பி கொண்டாரப்ப கையில தட்டு அப்படி ஆடிச்சா? பிள்ளைக்கு என்ன நோயோன்னு நான் தயங்கிக்கிட்டுல்லா இருக்கேன்!

— நாலு நாள்தான மதினி. இன்னைக்குச் சமையல் பூரா அவதான். உப்புப் பாக்கக்கூட நாக்குல வைக்க விடல.

— சண்முகத்தாயி, எலையப் போடுங்க. செல்லக்கனியக் கூப்பிட்டு எம் பக்கத்துல உக்கார வையுங்க. மொத வாய் அவ சாப்பிடட்டும். ரெண்டாவது வாய்க்கு அதே எலையில நான் கை நனைக்கேன்.