வரலாற்று வகுப்புக்குப் பத்தாவது ஆள்

அவையைக் கட்டிக்காக்கும் பள்ளிக்குழுத் தலைவர் அவர்களே! கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கவும் தெரிந்த தலைமையாசிரியர் அவர்களே! எழுபது வயதுக்காரனான எனக்குப் பாடம் சொல்லித் தந்து, அந்த ஒரே ஆண்டில் தம் தலையைப் பாதி நரைக்க விட்டுக்கொண்ட வரலாற்று ஆசிரியை அவர்களே! முன்வரிசையில் முதுமையோடு வீற்றிருக்கும் பெரியவர்களே! பிள்ளையை மடியிலும் பையைக் காலடியிலும் வைத்துக்கொண்டு பொறுமை காக்கும் தாய்மார்களே! எழுதவும் தெரியாத, படிக்கவும் தெரியாத, ஊரெல்லாம் கூரைக்காரர் என்று கூப்பிடுகிற இந்தக் கிழவனின் வணக்கம்!

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று மாலை ஐந்து மணிக்குள் மேல்நிலை வரலாற்று வகுப்பில் பத்தாவது பெயர் பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஒரே ஒருவர் குறைகிறார். சென்ற ஆண்டு அந்த ஒருவராக இருந்தவன் நான்.

என்ன ஐயா? "இந்த வருஷமும் நீங்களே சேர்ந்துக்குங்க" என்கிறீர்களா? சேர்ந்திருப்பேன், சந்தோஷமாகச் சேர்ந்திருப்பேன். ஆனால் ஒரு பெரும்பிழை நேர்ந்துவிட்டது. நான் பாஸாகிவிட்டேன்! கைதட்டாதீர்கள், தாய்மார்களே! தேறியவன் மறுபடி சேரக் கூடாது என்பது சட்டம். ஒழுங்காகத் தோற்றிருந்தால் இன்று உங்களிடம் வந்து நிற்க வேண்டியிருக்குமா?

நான் வகுப்புக்குள் நுழைந்தது வாசல் வழியாக அல்ல, கூரை வழியாக. மழைக்கு முன் ஓடு மாற்ற வந்தேன். மேலே நான், கீழே பாடம். ஓட்டைப் பிரித்த இடைவெளியில் ஆசிரியையின் குரல் ஏறி வருகிறது. அந்நியர் ஆட்சிக்கு முன்னால் இங்கே குளமும் கால்வாயும் எப்படி இருந்தன, எந்தத் துறைமுகத்தில் என்ன துணி ஏறியது, தண்ணீரை எந்தக் கிராமம் எத்தனை நாழிகை பங்கிட்டது என்று நான்கு நாள் கேட்டேன். ஆணி அடிப்பதையே மறந்தேன். மேஸ்திரி கீழிருந்து கத்துகிறார், "யோவ், கூரை போடுறியா, காது குத்திக்கிறியா?"

ஐந்தாம் நாள், கப்பலில் முதலில் வந்திறங்கிய ஒரு துரையின் குறிப்பை ஆசிரியை படித்தார். "இந்நாட்டார் சோம்பேறிகள். பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறார்கள்." பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டு இடைவெளியில் தலையை விட்டேன்.

"டீச்சரம்மா, அந்தத் துரை எத்தன மணிக்கு வந்து பார்த்தாராம்?"

ஆசிரியை அண்ணாந்தார். வானத்திலிருந்து கேள்வி வந்தால் யார்தான் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள்? "நேரம் போடலையே. ஏன் கேக்கறீங்க?"

"நானும் உச்சி வெயில்ல படுத்துத்தான் கெடப்பேன். ஓடு சுடும், கால வைக்க முடியாது. ஆனா விடியறதுக்குள்ள ஏறி, பத்து மணிக்குள்ள ஒரு நாள் வேலைய முடிச்சிருப்பேன். அவரு சீக்கிரம் எழுந்திரிச்சிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பாரும்மா!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "பெரியவரே, கீழ இறங்குங்க" என்றார். வசமாக மாட்டிக்கொண்டோம் என்றே இறங்கினேன். "உங்களுக்கு அறுபது தாண்டிடுச்சா?" என்றார். அறுபது தாண்டியவர்கள் முன்சான்றிதழ் இல்லாமலே சேரலாம் என்று ஒரு விதி இருக்கிறதாம். யாரும் தொட்டுப் பாராத விதி. ஒன்பது பேர் பத்தானோம்.

சேர்ந்தால் மட்டும் போதாது, பத்துப் பேரும் பரீட்சையை முழுதாக எழுதி முடிக்க வேண்டும். ஒருவர் எழுந்து போனாலும் வகுப்பு போயிற்று. எனக்குக் கேள்வியைப் படித்துக் காட்டவும், நான் சொல்வதை எழுதவும் ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். அவளுக்கு வரலாறு தெரிந்திருக்கக் கூடாது என்பதால் விலங்கியல் படிக்கிற பெண். நல்ல பெண், தங்கமான பெண். அவளால்தான் எனக்கு வேர்த்தது!

கடைசிக் கேள்வி. அந்நிய அரசிடம் நிலவரியைக் குறைக்கச் சொல்லி ஒரு பள்ளத்தாக்கு மக்கள் கொடுத்த மனு. "தங்கள் திருவடித் தூசியினும் தாழ்ந்தவர்களாகிய நாங்கள்" என்று தொடங்குகிறது. அடியில் இருநூறு கைரேகை. இதிலிருந்து அம்மக்களின் மனநிலை பற்றி என்ன அறிகிறோம்?

நான் சொன்னேன்: "இது மனு எழுதினவன் பேச்சு. ரேகை வெச்சவங்க பேச்சு இல்ல. நானும் மனு குடுத்திருக்கேன். கொழாய்ல தண்ணி வரலன்னு கோவமாத்தான் சொன்னேன். எழுதினவரு 'அடியேன் பணிந்து'ன்னு எழுதிட்டாரு. இவங்க கும்பிட்டுக் கேட்டாங்களா, கூச்சல் போட்டுக் கேட்டாங்களான்னு இந்தத் தாளு சொல்லாது. ஆனா இருநூறு பேரு ஒண்ணா வந்து ரேகை வெச்சிருக்காங்க. அடங்கிப் போறவங்க இப்படித் திரண்டு வரமாட்டாங்க."

எழுதி முடித்தாள். "படிச்சுக் காட்டும்மா" என்றேன். படித்தாள்: "அக்கால மக்கள் பணிவும் விசுவாசமும் மிக்கவர்களாக விளங்கினர்."

அம்மா! நூறு வருஷத்துக்கு முன் அந்த மனுவை எழுதியவன் செய்ததையே என் கண்முன்னால் செய்துவிட்டாள்!

"நான் எங்கம்மா இப்படிச் சொன்னேன்?"

"நீங்க சொன்னது கொஞ்சம் முரட்டுத்தனமா இருந்துச்சு தாத்தா. உங்களுக்கு மார்க் வரட்டுமேன்னு அழகா மாத்தினேன்."

மேற்பார்வையாளர் மேசையைத் தட்டினார். "இன்னொரு சத்தம் வந்துச்சு, வெளிய அனுப்பிடுவேன்."

நான் என்ன செய்வேன்? வாயை மூடினால் வகுப்பு பிழைக்கும். வாயைத் திறந்தால் ஒன்பது பிள்ளைகளின் வகுப்பு என்னோடு வெளியேறும். ஆனால் எந்த வகுப்பு பிழைக்கும்? சொன்னவன் யார், எழுதியவன் யார் என்று கேட்கக் கற்றுக்கொடுத்த வகுப்பல்லவா? அதைக் காப்பாற்றுவதற்காக அதையே மறக்கலாமா? எழுந்துவிட்டேன்.

"சார், வாய் என்னுது, கை இந்தப் பொண்ணுது. வாய் சொன்னத கை எழுதலைன்னா, பரீட்சை எழுதறது யாரு சார்?"

அவர் என்னை முறைத்தார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். என் உயிர் ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் போய் வந்தது. கடைசியில் அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "சொன்னத சொன்னபடியே எழுதணும். அடிச்சிட்டு எழுதும்மா." மீதி இருந்தது ஆறு நிமிடம். அவள் எழுதிய வேகத்தில் பேனா புகையவில்லை, அவ்வளவுதான். நூற்றுக்கு நாற்பத்தொன்று! தேற நாற்பது போதும். அந்த ஒன்று கொஞ்சம் பகட்டு.

பெரியோர்களே! இந்தப் படிப்பால் வேலை வருமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் ஒன்று கேட்கிறேன். நம்மைச் சோம்பேறி என்று எழுதியது யார்? நம்மைத் தூசி என்று எழுதியது யார்? எழுதியதை எல்லாம் நம்பினால் நாம் யார்? கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எவன் எழுதியதும் வேதம்! கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எவன் எழுதியதும் வெறும் சாட்சி! அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிற வகுப்புக்கு ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், இந்த மன்றத்தில் இல்லையா?

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். யாராவது கை தூக்குங்கள்... அதோ, பெண்கள் பக்கம், தூண் ஓரம் ஒரு கை! எழுந்து நில்லுங்கள் அம்மா, உங்கள் முகம்... அடடா! சபையோரே, அது என் மனைவி!

"என்ன வெளையாட்டு இது, உக்காரு!"

"வெளையாட்டு இல்லீங்க. எனக்கு அறுபத்தாறு. விதிப்படி சேரலாம்ல?"

"உனக்கு எதுக்கு வரலாறு?"

"நாப்பத்தஞ்சு வருஷமா நம்ம வீட்டுக் கதைய நீங்க ஒருத்தரே சொல்லிக்கிட்டு இருக்கீங்க. என் பக்கத்த எப்ப சொல்றது?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! தாய்மார்கள் தட்டுகிற தட்டில் நேற்று நான் போட்ட ஓடு நகர்ந்துவிடும் போலிருக்கிறது. ஆசிரியை பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். வழி விடுங்கள், வழி விடுங்கள்! எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, பத்தாவது பெயர். அவள் வாயால் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

வகுப்பு வாழ்ந்தது. என் பாடுதான் இனித் திண்டாட்டம். காது கொடுத்த உங்களுக்கும், கடிகாரத்தை மறந்த தலைமையாசிரியருக்கும், கையுயர்த்திய என் வீட்டுக்காரிக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!